ட்ராஃப்ட் மேடையில் நடப்பது பரிசளிப்பு இல்லை

ஐஸ் ஹொக்கி என்றால் எங்களில் கனபேருக்கு ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் போட்டிருக்கிற மேப்பிள் லீஃப்ஸ் ஜேர்சி மட்டும்தான். ஆனால் வருஷத்துக்கு ஒருக்கால் அந்த விளையாட்டில் இருந்து ஒரு வீடியோ எங்கட ஃபோன் வரைக்கும் வந்து சேரும். கோட் சூட் போட்ட பதினெட்டு வயதுப் பெடியன் ஒருவனின் பெயரை மேடையில் வாசிப்பார்கள். தாய் அழுவா, தகப்பன் கட்டிப்பிடிப்பார். பெடியன் மேடையேறி ஒரு அணியின் ஜேர்சியைப் போட்டு, தொப்பியை வைத்துக்கொண்டு, "சின்ன வயசுக் கனவு நிறைவேறிட்டுது" என்பான். இதுக்குப் பெயர்தான் என்.எச்.எல் ட்ராஃப்ட்.

அது பரிசளிப்பு விழா இல்லை என்றுதான் நான் சொல்ல வாறன். அந்த மேடையில் அவனுக்கு வேலை கிடைப்பதில்லை. ஒப்பந்தம் கூட அங்கே கையெழுத்தாவதில்லை. நடப்பது ஒன்றே ஒன்றுதான்: 32 அணிகள் இருக்கிற லீக்கில், மிச்ச 31 அணிகளும் அவனோடு சம்பளம் பேச முடியாது என்று அறிவிக்கப்படுகிறது. எந்த நகரத்தில் வாழ்வது, யாரிடம் வேலை செய்வது, எவ்வளவுக்கு என்று தெரிவுசெய்கிற உரிமை அவனிடம் இருந்து போகிற நாளை, கைதட்டிக் கொண்டாடுகிறோம்.

மிகைப்படுத்திக் கதைக்கிறன் என்று நினைத்தால், மாட்டன் என்று சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கோ.

1991 இல் எரிக் லிண்ட்ரோஸ் என்ற பெரிய நட்சத்திரத்தை கியூபெக் நோர்டிக்ஸ் அணி முதலாவதாகத் தெரிவுசெய்தது. அவர் ஜேர்சியைப் போடவே இல்லை, உங்களுக்கு விளையாட மாட்டன் என்று நின்றார். ஒரு வருஷம் கழித்து கியூபெக் அவரை பிலடெல்பியாவுக்குக் கொடுத்தது. பதிலுக்கு பீட்டர் ஃபோர்ஸ்பேர்க் உட்பட ஒரு கூட்டம் வீரர்களும் 15 மில்லியன் டொலரும் வந்தன. லிண்ட்ரோஸ் முதல்முதல் கியூபெக்கில் விளையாட வந்தபோது, குழந்தைப்பிள்ளை என்று நக்கலடித்து ரசிகர்கள் சூப்பிகளை எறிந்தார்கள். சரி, ரசிகர்களின் கோபம் விளங்குது. ஆனால் 1995 இல் என்ன நடந்தது? நோர்டிக்ஸ் அணியே விற்கப்பட்டு அமெரிக்காவின் டென்வருக்குப் போய்விட்டது. அடுத்த வருஷமே ஸ்டான்லி கிண்ணத்தையும் வென்றது, கியூபெக்குக்கு இல்லை, கொலராடோவுக்கு. பதினெட்டு வயதுப் பெடியன் உங்கட நகரத்துக்கு வரமாட்டன் என்றால் துரோகம். முதலாளிமார் முழு அணியையும் நகரத்தைவிட்டுக் கொண்டுபோனால் அது வியாபாரம்.

இனி அதே பிலடெல்பியாவுக்கு வருவம். லிண்ட்ரோஸ் கியூபெக்கை மறுத்ததால் லாபமடைந்த நகரம் அது. 2022 இல் அந்த அணி கட்டர் கோதியே என்ற வீரரை ஐந்தாவதாகத் தெரிவுசெய்தது. அவர் அங்கே விளையாட மறுத்தார். 2024 ஜனவரியில் அவரை அனஹைம் அணிக்கு மாற்றினார்கள். ஒரு வருஷம் கழித்து அவர் பிலடெல்பியாவில் விளையாட வந்தபோது, பந்துத்தட்டு அவரிடம் போன நேரமெல்லாம் அரங்கம் முழுக்கக் கூச்சல். அந்த மாற்றத்தில் இன்னொரு பக்கமும் இருக்கு. கோதியேக்குப் பதிலாக அனஹைம் அனுப்பிய ஜேமி ட்ரைஸ்டேலுக்கு அப்போது 21 வயது. அவரும் ட்ராஃப்டில் தெரிவானவர்தான். கண்டத்தின் ஒரு கரையில் இருந்து மற்றக் கரைக்கு அவரை அனுப்பினார்கள். அதுக்காக அனஹைம் முதலாளியைப் பார்த்து யாராவது கூச்சல் போட்டார்களா? விசுவாசம் என்ற சொல் இந்த விளையாட்டில் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் பாயுது.

ஒரு வீரனின் பாதையை அடியில் இருந்து பார்த்தால் இது இன்னும் வடிவா விளங்கும்.

முதல் படி கனடாவின் ஜூனியர் லீக்குகள். அங்கேயும் ட்ராஃப்ட்தான், பெரும்பாலும் 15 வயது அளவில். பெடியன் வீட்டைவிட்டு வேறு ஊருக்குப் போய், முன்பின் தெரியாத குடும்பம் ஒன்றோடு தங்குவான். ஒன்ராரியோ லீக்கில் ஒரு பருவத்துக்கு 68 ஆட்டம். டிக்கெட் விற்குது, தொலைக்காட்சியில் போகுது, பயிற்சியாளருக்குச் சம்பளம் இருக்கு. பெடியனுக்குக் கைச்செலவுக்காசும் பிறகு படிப்பதற்கு ஒரு உதவித்தொகையும். எங்களுக்கு ஆகக் குறைந்த சட்டப்படியான சம்பளமாவது தாங்கோ என்று முன்னாள் வீரர்கள் 2014 இல் வழக்குப் போட்டார்கள். அதுக்குப் பிறகு ஒன்ராரியோ உட்பட சில மாகாண அரசுகள் என்ன செய்தன தெரியுமா? சட்டத்தை மாற்றி, ஜூனியர் ஹொக்கி வீரர்களுக்கு அந்தச் சம்பளச் சட்டம் பொருந்தாது என்று ஆக்கிவிட்டன.

இரண்டாவது படி ட்ராஃப்டும் அதற்குப் பிறகு வருகிற முதல் ஒப்பந்தமும். ஏழு சுற்றில் 224 பெயர்கள் வாசிக்கப்படும். கனபேர் என்.எச்.எல் பனித்தரையில் ஒருநாளும் கால் வைக்கமாட்டார்கள். கால் வைப்பவர்களுக்கும் முதல் ஒப்பந்தத்தின் நீளமும் உச்சச் சம்பளமும் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். 18 வயதில் கையெழுத்துப் போட்டால் மூன்று வருஷம். கொனர் மக்டேவிட்டை 2015 இல் எட்மன்டன் தெரிவுசெய்தது. 2016-17 பருவத்தில் அவர் லீக்கிலேயே ஆகக்கூடிய புள்ளி எடுத்தார், அதிசிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். அப்போது அவருடைய அடிப்படைச் சம்பளம் 925,000 டொலர். போனஸ் எல்லாம் சேர்த்தாலும் 4 மில்லியனை எட்டாது. அந்தக் கோடையிலேயே எட்மன்டன் அவருக்கு எட்டு வருஷத்துக்கு 100 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் எழுதியது. அதாவது வருஷத்துக்கு 12.5 மில்லியன். அவருடைய பெறுமதி அணிக்கு நல்லாத் தெரியும். ஆனால் அந்த ஒப்பந்தம் தொடங்கியது 2018 இல். இடையில் பழைய சம்பளத்துக்கே இன்னொரு பருவம் விளையாடி, இன்னொருமுறை புள்ளிப் பட்டியலில் முதலாவதாக வந்தார்.

மூன்றாவது படிக்கு 'கட்டுப்பாடுள்ள சுதந்திர வீரர்' என்று பெயர். அந்தச் சொல்லை ஒருக்கால் திரும்ப வாசியுங்கோ. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, ஆனாலும் அவர் சுதந்திரமாகப் போக முடியாது. வேறு அணி ஒன்று அவருக்கு விலை சொல்லலாம். பழைய அணி ஏழு நாளுக்குள் அதே தொகையைத் தாறம் என்றால் அவர் அங்கேயே நிற்கவேணும். தராவிட்டால், கூட்டிக்கொண்டு போகிற அணி பெரும்பாலும் தன்னுடைய வருங்கால ட்ராஃப்ட் இடங்களை நட்டஈடாகக் கொடுக்கவேணும். 2024 இல் சென்ட் லூயிஸ் அணி எட்மன்டனின் இரண்டு இளம் வீரர்களை இப்படி எடுத்தபோது அது பெரிய செய்தியானதே, இப்படி நடப்பது அவ்வளவு அரிது என்பதால்தான்.

முழுச் சுதந்திரம் வருவது பொதுவாக 27 வயதில், அல்லது ஏழு பருவம் முடிந்த பிறகு. எலும்பும் மூட்டும் கணக்குக் கேட்கத் தொடங்குகிற வயது அது. இளமையின் நல்ல பகுதியை ஒரு முதலாளிக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான் சந்தைக்குப் போகலாம்.

இனி வழமையான பதில்களுக்கு வருவம்.

"கோடிக்கணக்கில உழைக்கிறவைக்கு என்ன அழுகை?" இது முதலாவது. ஜக் ஐக்கலின் கதையைக் கேளுங்கோ. 2015 ட்ராஃப்டில் பஃபலோ அணி இரண்டாவதாகத் தெரிவுசெய்த வீரர். எட்டு வருஷம், 80 மில்லியன் டொலர் ஒப்பந்தம், அணித் தலைவரும் அவர்தான். 2021 இல் கழுத்து டிஸ்கில் காயம். செயற்கை டிஸ்க் வைக்கிற சத்திரசிகிச்சை வேணும் என்றார். அதுவரை எந்த என்.எச்.எல் வீரருக்கும் செய்யாத சிகிச்சை என்று அணியின் வைத்தியர்கள் மறுத்தார்கள். லீக்கின் உடன்படிக்கைப்படி கடைசி முடிவு அணியுடையது. கழுத்து அவருடையது, முடிவு அவர்களுடையது! மாதக்கணக்கில் இழுபட்டு, தலைவர் பதவியும் பறிக்கப்பட்டு, கடைசியில் வேகஸ் அணிக்கு மாற்றப்பட்ட பிறகுதான் விரும்பிய சிகிச்சை கிடைத்தது. 2023 இல் அந்த அணியோடு கிண்ணத்தையும் வென்றார். 80 மில்லியன் டொலர்காரனுக்கே தன் கழுத்தில் உரிமை இல்லை என்றால், ஏழாம் சுற்றில் தெரிவாகி, சின்ன லீக்குக்கும் பெரிய லீக்குக்கும் இடையில் பஸ்ஸில் அலைகிற பெடியனின் நிலை என்ன? அவனுடைய ஒப்பந்தத்தில் இரண்டு சம்பளம் எழுதியிருக்கும். இன்று எந்தச் சம்பளம் என்பதை காலையில் வருகிற தொலைபேசி அழைப்புத்தான் சொல்லும். அதோடு, வீரனுக்குக் குறைகிற காசு ஏழைகளுக்குப் போவதில்லை. அணி உரிமையாளருக்கும் மற்ற ஒப்பந்தங்களுக்கும்தான் போகுது.

"ட்ராஃப்ட் இல்லாவிட்டால் பணக்கார அணிகள் எல்லாரையும் வாங்கிவிடும்." இது இரண்டாவது. ஒரு காலத்தில் இதில் உண்மை இருந்தது. 1963 இல் ட்ராஃப்ட் தொடங்க முதல், அணிகள் சிறுவர்களையே ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டன. பொபி ஓரை பொஸ்டன் அணி பிடித்துவைத்தபோது அவருக்கு 14 வயது. அதைவிட ட்ராஃப்ட் நல்லது, ஒத்துக்கொள்ளுறன். ஆனால் 2005 இல் இருந்து சம்பள உச்சவரம்பு இருக்கு. எவ்வளவு பணக்கார அணியும் அதுக்கு மேலே செலவழிக்க ஏலாது. சமநிலைக்கு அது போதாதா? ட்ராஃப்ட் உண்மையில் வளர்ப்பது தோல்வியை. ஆகக் கூடத் தோற்ற அணிக்கு ஆக நல்ல வாய்ப்பு. 2015 மார்ச்சில் பஃபலோவின் சொந்த அரங்கத்தில், எதிரணி வெற்றிக் கோலைப் போட்டபோது பஃபலோ ரசிகர்களே ஆரவாரம் செய்தார்கள். கடைசி இடம் வேணும் என்று! எட்மன்டன் 2010, 2011, 2012, 2015 என்று நான்கு முறை முதல் தெரிவைப் பெற்றது. அப்படியிருந்தும் 2007 முதல் 2016 வரை பத்துப் பருவம் தொடர்ந்து இறுதிச்சுற்றுகளுக்குத் தகுதி பெறவில்லை. அணியை ஒழுங்காக நடத்தத் தெரியாத முதலாளிக்கு, ஒவ்வொரு வருஷமும் ஒரு பெடியனின் வாழ்க்கையைச் சன்மானமாகக் கொடுப்பது எந்த வகையில் சமநிலை?

"வீரர் சங்கமே இதுக்கு ஒத்துக்கொண்டதுதானே?" மூன்றாவது பதில் இது, ஆகக் கெட்டிக்காரத்தனமானதும் இதுதான். சங்கம் சும்மா வந்ததில்லை. 1957 இல் சங்கம் அமைக்க முயன்ற டெட்ரொயிட் நட்சத்திரம் டெட் லின்ட்சேயை அவருடைய அணி சிகாகோவுக்குத் தூக்கி எறிந்தது. நிலைத்து நின்ற சங்கம் வர இன்னும் பத்து வருஷம் எடுத்தது. அதனால் சங்கத்தின் மேல் எனக்கு மரியாதை இருக்கு. ஆனால் உடன்படிக்கைக்கு வாக்களிப்பவர்கள் ஏற்கெனவே லீக்குக்குள் இருப்பவர்கள். ட்ராஃப்டில் போகிற பதினேழு, பதினெட்டு வயதுக்காரனுக்கு அங்கே வாக்கில்லை. மேசையில் இல்லாதவனின் உரிமையை விட்டுக்கொடுப்பது எல்லாருக்கும் சுகம். உச்சவரம்புக்குள் புதியவனுக்குக் குறையக் கொடுத்தால் பழையவனுக்குக் கூடக் கிடைக்கும். வேலைக்கு வராதவனின் பெயரில் செய்கிற உடன்பாட்டைச் சம்மதம் என்று சொல்ல முடியாது.

தெரிவு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் வரலாறு இருக்கு. 1972 இல் போட்டி லீக் ஒன்று தொடங்கியது. சிகாகோவின் நட்சத்திரம் பொபி ஹல்லுக்கு வினிபெக் அணி கையெழுத்துக்கு மட்டும் ஒரு மில்லியன் டொலர் கொடுத்தது. வீரர்களின் சம்பளம் எல்லா இடமும் ஏறியது. 1979 இல் அந்த லீக் மூடப்பட்டது, திரும்பவும் ஒரே கடை. ட்ராஃப்டில் யாருமே தெரிவுசெய்யாத ஆர்டெமி பனாரின் 2015 இல் தானே அணியைத் தெரிவுசெய்து சிகாகோவுக்குப் போனார், முதல் வருஷமே சிறந்த புதுமுக வீரர் விருது. யாருக்கும் வேண்டாதவனுக்குச் சுதந்திரம், எல்லாருக்கும் வேண்டியவனுக்குக் கட்டு. இப்படி ஒரு தலைகீழ் நியாயத்தை வேறு எந்தத் தொழிலில் ஏற்றுக்கொள்வம்?

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. ட்ராஃப்டை நிறுத்துங்கோ. உச்சவரம்பு இருக்கட்டும், அதுக்குள் 18 வயதுக்காரன் விரும்பிய அணியோடு பேசட்டும். ஜூனியர் வீரர்களுக்கு மற்றத் தொழிலாளிக்குரிய சம்பளச் சட்டத்தைக் கொடுங்கோ. தன் உடம்புக்கு எந்தச் சிகிச்சை என்ற முடிவை அந்த உடம்புக்காரனிடம் விடுங்கோ.

இது நடக்காத கதை என்று சொல்லாதீங்கோ. கனடிய ஜூனியர் லீக்கில் விளையாடியவர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் விளையாட முடியாது என்று கனகாலம் ஒரு தடை இருந்தது. அது விழுந்தால் ஜூனியர் ஹொக்கியே அழிந்துவிடும் என்றார்கள். 2024 நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அடுத்த கோடையில், கனடாவின் பெரிய இளம் நட்சத்திரமான கவின் மக்கென்னா, 17 வயதில், ஜூனியர் அணியைவிட்டு பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போவதாகத் தானே முடிவெடுத்தார். ஜூனியர் லீக்குகள் இன்னும் நடக்குது, வானம் இடிந்து விழவில்லை. 17 வயதில் எங்கே விளையாடுவது என்று தெரிவுசெய்யத் தெரிந்த ஒருவருக்கு, 18 வயதில் ட்ராஃப்ட் வந்தவுடன் அந்தப் புத்தி இல்லாமல் போய்விடும் என்று சொல்வது யாருடைய வசதிக்காக?