நியூசிலாந்து கால்பந்து: வீரர்களின் நடத்தையும் பயிற்சியாளர் தேர்வும்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலுள்ள ஈடன் பார்க் மைதானத்தில் 2025ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி நடந்த ஆட்டத்தில் நியூ கலிடோனியாவை 3-0 என்ற கணக்கில் வென்று, நியூசிலாந்தின் ஆண்கள் அணி 2026 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்குத் தகுதி பெற்றது. 1982, 2010 ஆகிய ஆண்டுகளுக்குப் பின்னர் அந்நாட்டுக்குக் கிடைத்த மூன்றாவது வாய்ப்பு இது.

ஒரு மணி நேரம்வரை கோல் எதுவும் விழாதிருந்த அந்த ஆட்டத்தில், 61ஆவது நிமிடத்தில் தலையால் முட்டி முதல் கோலை அடித்தவர் தற்காப்பு வீரர் மைக்கேல் பாக்ஸால். ஆக்லாந்திலேயே பிறந்தவர். சமோவா வம்சாவளியினர். நீண்ட காலமாக நாட்டுக்காக ஆடிவந்த அவருக்கு, 36ஆவது வயதில் கிடைத்த முதல் சர்வதேசக் கோல் அது.

ஆனால் பாக்ஸாலின் பெயர் உலகெங்கும் செய்திகளில் அடிபட்டது அந்த கோலினால் அல்ல. அதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், அவருக்காக அவரது அணியினர் ஆட மறுத்த ஓர் ஆட்டத்தினால்தான்.

வீரர்கள் மைதானத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும், தேசிய அணியின் பயிற்சியாளராக யாரை நியமிக்க வேண்டும் என்பவை கால்பந்து ரசிகர்கள் எங்கும் ஓயாமல் விவாதிக்கும் இரு கேள்விகள். இவ்விரண்டும் வெவ்வேறானவை என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. நியூசிலாந்தின் அண்மைக்கால அனுபவமோ, ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைப் பேச இயலாது என்பதைக் காட்டுகிறது.

ஆஸ்திரியாவில் நடந்தது

2023ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் தேதி, ஆஸ்திரியாவின் ரிட்சிங்கில் நியூசிலாந்தும் கத்தாரும் நட்பு ரீதியிலான ஆட்டமொன்றில் மோதின. நியூசிலாந்து 1-0 என்று முன்னிலையில் இருந்தது. இடைவேளைக்குச் சற்று முன்னர், கத்தார் வீரர் ஒருவர் பாக்ஸாலை இனத்தைக் குறிப்பிட்டு இழிவாகப் பேசியதாக நியூசிலாந்து வீரர்கள் நடுவரிடம் முறையிட்டனர். நடுவர் நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு மைதானத்துக்குத் திரும்புவதில்லை என்று நியூசிலாந்து வீரர்கள் முடிவு செய்தனர். ஆட்டம் கைவிடப்பட்டது.

கத்தார் தரப்பு இதை வேறு விதமாகப் பார்த்தது. நியூசிலாந்து வீரர்கள் தமது சகாவை ஆதரித்தது போலவே, தமது வீரர்களும் தமது சகாவின் பக்கம் நின்றார்கள் என்ற பொருள்பட அதன் அப்போதைய பயிற்சியாளர் கார்லோஸ் கெய்ரோஸ் கருத்துத் தெரிவித்தார். நியூசிலாந்து கால்பந்துச் சம்மேளனம் தனது வீரர்களின் முடிவை ஆதரித்தது.

காதால் கேட்காத ஒரு சொல்லுக்காக நடுவர் தண்டனை வழங்க இயலாது என்பது ஒரு வாதம். ஆனால் நடுவர் கேட்கவில்லை என்பதற்காக, அந்தச் சொல்லைக் கேட்டதாகக் கூறும் வீரர் அடுத்த 45 நிமிடங்கள் ஒன்றும் நடவாதது போல ஆட வேண்டுமா என்பது எதிர்வாதம். ஆட்டத்தை முதலில் நிறுத்துவது, பின்னர் இடைநிறுத்துவது, இறுதியாகக் கைவிடுவது என்ற மூன்று படிநிலை நடைமுறை கால்பந்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைத் தொடங்கிவைக்கும் அதிகாரம் நடுவரிடம் மட்டுமே உள்ளது. அன்று வீரர்கள் அந்த அதிகாரத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டனர்.

2024ஆம் ஆண்டு மே மாதம் பாங்காக்கில் கூடிய ஃபிஃபா மாநாடு, இனவெறிக்கு உள்ளாகும் வீரர் இரு கைகளையும் மணிக்கட்டில் குறுக்காக வைத்துக் காட்டி நடுவருக்கு அதை உணர்த்தலாம் என்ற ஏற்பாட்டை முன்வைத்தது. பாதிக்கப்பட்டவரின் குரலுக்கு முறைப்படியான இடம் தேவை என்பதை, தாமதமாகவேனும், அது ஒப்புக்கொண்டதாகவே கொள்ள வேண்டும்.

கிரிக்கெட் காட்டும் இரு வழிகள்

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1999ஆம் ஆண்டு ஜனவரியில் அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில், முத்தையா முரளிதரனின் பந்துவீச்சை நடுவர் ராஸ் எமர்சன் முறையற்றதென அறிவித்தபோது, இலங்கை அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க தமது வீரர்களை எல்லைக் கோடுவரை அழைத்துச் சென்றார். நீண்ட பேச்சுக்குப் பின்னர் ஆட்டம் தொடர்ந்தது, இலங்கையே வென்றது. ரணதுங்கவின் செயல் ஆட்டத்தின் கண்ணியத்தைக் குலைத்தது என்று கண்டித்தவர்களும் உண்டு. ஓர் இளம் தமிழ் வீரரைக் காத்த தலைமைப் பண்பு என்று போற்றியவர்களும் உண்டு. அவருக்குக் கிடைத்தது, நிறுத்திவைக்கப்பட்ட ஆறு ஆட்டத் தடை.

2021ஆம் ஆண்டு ஜனவரியில் சிட்னி டெஸ்ட் ஆட்டத்தின்போது, பார்வையாளர்கள் சிலர் தம்மை இழிவாகப் பேசுவதாக இந்திய வேகப்பந்து வீச்சாளர் முகமது சிராஜ் நடுவர்களிடம் முறையிட்டார். மைதானத்தை விட்டு வெளியேறும் வாய்ப்பை நடுவர்கள் அளித்தும், அணித் தலைவர் அஜிங்க்ய ரஹானே அதை ஏற்கவில்லை. தவறு செய்தவர்கள் நாங்கள் அல்லர், எனவே ஆடுவோம் என்பது அவரது நிலைப்பாடாக இருந்தது. சில பார்வையாளர்கள் அரங்கிலிருந்து வெளியேற்றப்பட்டனர்.

வெளியேறுவதா, தொடர்வதா என்பதில் எது சரி என்று பொதுவிதி வகுப்பது கடினம். ஆனால் சிட்னியில் நடுவர்கள் முறையீட்டுக்குச் செவிசாய்த்தார்கள். ரிட்சிங்கில் அது நிகழவில்லை. முறையீட்டைக் கேட்க ஆள் இருக்கும் இடத்தில் பொறுமை சாத்தியமாகிறது. கேட்க ஆளில்லாத இடத்தில் வெளிநடப்பு ஒன்றே வழியாகிவிடுகிறது.

அதே வேளையில், ரிட்சிங்கில் நடந்தது புள்ளிகள் எதுவும் பணயம் வைக்கப்படாத ஆட்டம் என்பதையும் மறக்கலாகாது. உலகக் கோப்பை ஆட்டமொன்றில் ஆட மறுக்கும் அணி, ஆட்டத்தையே இழக்க நேரிடும். அந்த நிலையிலும் இதே முடிவை எடுப்பார்களா என்ற ரசிகர்களின் கேள்வி நியாயமானதே.

பயிற்சியாளருக்கு எதிரான கடிதங்கள்

வீரர்கள் தமக்கிடையே ஒன்றுபட்டு நிற்கும் இந்தப் பழக்கத்துக்கு நியூசிலாந்தில் ஒரு முன்வரலாறு உண்டு. அதை எழுதியவர்கள் பெண்கள் அணியினர்.

2018ஆம் ஆண்டு மே மாதம், ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் சமமான ஊதியமும் பயண வசதிகளும் வழங்கும் உடன்படிக்கையில் நியூசிலாந்து கால்பந்துச் சம்மேளனம் கையெழுத்திட்டது. அது பாராட்டைப் பெற்றது. அடுத்த மாதமே அந்தப் பாராட்டு மங்கிப்போனது.

ஜூன் மாதம் வெலிங்டனில் ஜப்பானிடம் 1-3 என்று தோற்ற பின்னர், பெண்கள் அணியின் பயிற்சியாளர் ஆண்ட்ரியாஸ் ஹெராஃப், தற்காப்பை மட்டுமே நம்பிய தமது வியூகத்தை நியாயப்படுத்தினார். ஜப்பானின் தரத்தை நியூசிலாந்து ஒருபோதும் எட்டாது என்று தொனிக்கும் விதத்தில் அவர் பேசினார். சொந்த மண்ணில், சொந்த ரசிகர்கள் முன்னிலையில் கூறப்பட்ட அந்தச் சொற்கள் கடும் எதிர்ப்பைக் கிளப்பின. தொடர்ந்து, பத்துக்கும் மேற்பட்ட வீராங்கனைகள் அவரது நடத்தை குறித்து வீரர்கள் சங்கத்தின் வழியாக எழுத்துபூர்வமாகப் புகார் அளித்தனர். அணியின் முன்னாள் தலைவியான அபி எர்செக், ஹெராஃபின் அணுகுமுறையின் காரணமாகவே சர்வதேச ஆட்டத்திலிருந்து ஏற்கெனவே விலகியிருந்தார்.

ஹெராஃப் ஜூலை இறுதியில் பதவி விலகினார். வழக்கறிஞர் ஃபிலிப்பா மியூர் நடத்திய சுயேச்சையான ஆய்வின் அறிக்கை அக்டோபரில் வெளியானது. வீராங்கனைகளின் புகார்களுக்கு அடிப்படை உண்டு என்பதை அது உறுதி செய்தது. சம்மேளனத்தின் தலைமை நிர்வாகியும் தலைவரும் அந்த ஆண்டிலேயே பொறுப்புகளை விட்டு விலகினர். அடுத்த ஆண்டு, ஜொஹானா வுட் சம்மேளனத்தின் முதல் பெண் தலைவரானார்.

இதில் பலரும் கவனிக்கத் தவறிய ஓர் அம்சம் உண்டு. ஹெராஃப் பெண்கள் அணியின் பயிற்சியாளர் மட்டுமல்லர். சம்மேளனத்தின் தொழில்நுட்ப இயக்குநராகவும் இருந்தார். பயிற்சியாளரைக் கண்காணிக்க வேண்டிய மூத்த பொறுப்பும் பயிற்சியாளரிடமே இருந்தால், வீரர்கள் யாரிடம் போய் முறையிடுவது? தனிமனிதரின் குணத்தைவிட, அந்த நியமனத்தின் அமைப்பே பெரிய பிழை எனலாம்.

உள்ளூரா, வெளிநாடா?

தேசிய அணிக்கு உள்ளூர் பயிற்சியாளர் வேண்டுமா, வெளிநாட்டவர் வேண்டுமா என்பது நியூசிலாந்து ரசிகர்களின் நெடுநாளைய விவாதம்.

1982ஆம் ஆண்டு ஜனவரியில் சிங்கப்பூரில் சீனாவை 2-1 என்று வென்று அணியை முதன்முறையாக உலகக் கோப்பைக்குக் கொண்டு சென்றவர், இங்கிலாந்தில் பிறந்த ஜான் ஆட்ஸ்ஹெட். அந்த அணியில் ஆடிய ரிக்கி ஹெர்பர்ட்தான் 2010இல் பயிற்சியாளர். தென்னாப்பிரிக்காவில் ஸ்லோவாக்கியா, நடப்புச் சாம்பியனாக இருந்த இத்தாலி, பராகுவே ஆகிய மூன்று அணிகளுடனும் நியூசிலாந்து சமன் செய்தது. அந்தப் போட்டியில் ஓர் ஆட்டத்திலும் தோற்காத ஒரே அணியாக, ஆனால் முதல் சுற்றுடன், அது நாடு திரும்பியது.

அதே ஹெர்பர்ட்டின் அணி 2013ஆம் ஆண்டு நவம்பரில் மெக்சிகோவிடம் இரு ஆட்டங்களிலும் சேர்த்து 3-9 என்று வீழ்ந்தது. அவர் விலகினார். வெளிநாட்டிலிருந்து வந்த ஆண்டனி ஹட்சன் 2017இல் பெருவிடம் தோற்று வெளியேறினார். அவருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து வந்த ஃபிரிட்ஸ் ஷ்மிட் நீண்ட காலம் நீடிக்கவில்லை. அணியின் முன்னாள் தலைவரான டேனி ஹே 2019இல் பொறுப்பேற்றார். 2022ஆம் ஆண்டு ஜூனில் தோஹாவில் கோஸ்டா ரிக்காவிடம் 0-1 என்று தோற்றதுடன் அந்த முயற்சியும் முடிந்தது. தற்காலிகப் பொறுப்பில் இருந்து 2023இல் நிரந்தரமாக நியமிக்கப்பட்ட டேரன் பேஸ்லி, இங்கிலாந்தில் பிறந்து, ஆட்டக்காரராக நியூசிலாந்துக்கு வந்து, அங்கேயே இளையோர் அணிகளைப் பயிற்றுவித்தவர். அவரை உள்ளூர்க்காரர் என்பதா, வெளிநாட்டவர் என்பதா என்றே சொல்வது கடினம்.

இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது, பிறந்த நாட்டைக் கொண்டு வெற்றி தோல்வியை விளக்க இயலாது என்பது தெளிவாகிறது. 2006இல் ஆஸ்திரேலியா ஆசியக் கூட்டமைப்புக்கு மாறிய பின்னர், ஓஷியானியா மண்டலத்தில் நியூசிலாந்துக்கு ஈடான அணி இல்லை. தீவு நாடுகளை எளிதாக வென்றுவிட்டு, நான்கு ஆண்டுகளில் ஓரிரு முறை மட்டும் வலுவான அணியொன்றைச் சந்திப்பதே அதன் விதியாக இருந்தது. எந்தப் பயிற்சியாளராலும் அந்த இடைவெளியை ஒரு வாரத்தில் நிரப்ப முடியாது.

2025இல் அந்தத் தடை இருக்கவில்லை. உலகக் கோப்பை 48 அணிகளாக விரிவாக்கப்பட்டதால், ஓஷியானியாவுக்கு முதன்முறையாக நேரடி இடம் கிடைத்தது. பேஸ்லியின் பணியைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. எனினும் அவருக்கு முன்பிருந்தவர்கள் தோற்றது அவர்களின் திறமைக் குறைவால்தான் என்ற முடிவுக்கும் வர இயலாது.

நிர்வாகத்தின் நடத்தை

வீரர்களையும் பயிற்சியாளரையும் எடைபோடும் ரசிகர்கள், நிர்வாகத்தை அதே அளவுக்குக் கவனிப்பதில்லை. 2015ஆம் ஆண்டு பசிபிக் விளையாட்டுப் போட்டியின் அரையிறுதியில் வனுவாட்டுவை வென்ற நியூசிலாந்தின் இளையோர் அணி, தகுதியற்ற வீரர் ஒருவரை ஆடவிட்டதற்காக வெளியேற்றப்பட்டது. ரியோ ஒலிம்பிக் வாய்ப்பு ஃபிஜிக்குப் போனது. விதிகளைப் படித்திருக்க வேண்டியவர்கள் படிக்காததன் விலையை, களத்தில் வென்ற இளைஞர்கள் கொடுத்தார்கள்.

2023 பெண்கள் உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில், ஈடன் பார்க்கில் திரண்ட 42 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் முன்னிலையில் நார்வேயை 1-0 என்று வென்று, உலகக் கோப்பைகளில் நியூசிலாந்தின் முதல் வெற்றியைப் பெற்றுத்தந்தது பெண்கள் அணி. அந்த அணியின் பயிற்சியாளர் யிட்கா கிளிம்கோவா, பணி தொடர்பான விசாரணை ஒன்றை அடுத்து 2024 பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்கு அணியை வழிநடத்தவில்லை. அதே ஆண்டில் பொறுப்பிலிருந்தும் விலகினார். 2018ஐப் போன்ற பகிரங்க ஆய்வறிக்கை ஏதும் இம்முறை வெளிவரவில்லை. ஒருவரது தனியுரிமையைக் காப்பது அவசியம்தான். ஆனால் விவரம் அறியாத ரசிகர்கள், பயிற்சியாளரையோ வீராங்கனைகளையோ ஊகத்தின் பேரில் குற்றஞ்சாட்டும் நிலையும் அதனால் உருவாகிறது.

நமது நாடுகளுக்கான பாடம்

தெற்காசிய ரசிகர்களுக்கு இவை பழகிய காட்சிகளே. ஃபிஃபாவின் தடைக்கு 2022இல் இந்தியாவும், 2023இல் இலங்கையும் உள்ளாயின. இரண்டுமே நிர்வாகக் கோளாறுகளால் வந்த தடைகள். இந்தியத் தேசிய அணிக்கு 2024இல் நியமிக்கப்பட்ட மனோலோ மார்க்கெஸ், கோவா கழகத்தின் பயிற்சியாளராகவும் அதே வேளையில் நீடித்தார். ஹெர்பர்ட் ஒரு காலத்தில் வெலிங்டன் ஃபீனிக்ஸ் கழகத்தையும் தேசிய அணியையும் ஒருங்கே கவனித்தது போன்ற ஏற்பாடு அது. ஓராண்டிலேயே அது முடிவுக்கு வந்து, 2025 ஆகஸ்டில் இந்தியரான காலித் ஜமீல் நியமிக்கப்பட்டார். உள்ளூரா வெளிநாடா என்ற விவாதம் இந்தியாவிலும் புதிதாகத் தொடங்கியது.

ஆக்லாந்தில் வாழும் தமிழர்களுக்கு இதில் இன்னும் நெருக்கமான அக்கறை உண்டு. 2023 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நகர மக்களில் ஏறத்தாழ பத்தில் மூன்று பேர் ஆசிய இனத்தவர். ஆறில் ஒருவர் பசிபிக் தீவு வம்சாவளியினர். அங்கு பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்த சர்ப்ரீத் சிங், 2019இல் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் அணிக்காகக் களமிறங்கினார். வார இறுதிகளில் தம் பிள்ளைகளைக் கால்பந்துத் திடல்களுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு, நிறத்தைச் சொல்லி ஒருவன் இழிவுபடுத்தினால் என் பிள்ளையின் பக்கம் யார் நிற்பார்கள் என்ற கேள்வி, கோல் கணக்கைவிடப் பெரியது.

நியூசிலாந்து 2026 உலகக் கோப்பைக்கான குலுக்கலில் பெல்ஜியம், எகிப்து, ஈரான் ஆகியவற்றுடன் ஒரே பிரிவில் இடம்பெற்றது. அத்தகைய அணிகளுக்கு எதிரான முடிவுகளைக் கொண்டே பயிற்சியாளரை ரசிகர்கள் மதிப்பிடுவார்கள். அது அவர்களின் உரிமை. ஆயினும் ரிட்சிங்கில் இடைவேளையின்போது, ஓய்வறையில் இருந்த வீரர்கள் தம் மூத்த சகாவுக்காக எடுத்த முடிவுக்கு அவர்களின் பயிற்சியாளரோ சம்மேளனமோ குறுக்கே நிற்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், தமது பயிற்சியாளரைப் பற்றியே கடிதம் எழுத வேண்டிய நிலையில் அதே நாட்டின் வீராங்கனைகள் இருந்தார்கள். அந்த ஐந்து ஆண்டுகளில் ஏற்பட்ட மாற்றம், புள்ளிப் பட்டியல் எதிலும் பதிவாகாத ஒன்று.