டப்பாவைக் கொடுத்தவர் யார்?

அதிகாலைப் பயிற்சி முடிந்து, தலை ஈரம் காயாமல் நீச்சல் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை பையிலிருந்து ஷேக்கரை எடுத்துக் குலுக்குகிறது. உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் நுரை பொங்குகிறது. அமினோ அமிலப் பவுடர். ஏன் என்று பெற்றோரைக் கேட்டால், "கோச் சொன்னார், வாங்கினோம்" என்கிறார்கள்.

அமெரிக்க நீச்சல் வீராங்கனை ஜெசிகா ஹார்டிக்கு நேர்ந்ததை அவர்கள் அறிய வேண்டும். 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக் அணியில் இடம்பிடித்தபோது அவருக்கு வயது 21. தகுதிப் போட்டியின்போது ஜூலை 4 அன்று எடுத்த மாதிரியில் கிளென்புட்டரால் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தது. அவர் அதைத் தேடிப் போகவில்லை. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் கொண்ட சப்ளிமென்டில் அது கலந்திருந்தது. இரண்டாண்டுத் தடை ஓராண்டாகக் குறைந்தது. 2009-ல் திரும்பி வந்து உலக சாதனை படைத்தார். 2012-ல் லண்டனில் தங்கமும் வென்றார். ஆனால் பெய்ஜிங்கை யாராலும் அவருக்குத் திருப்பித் தர முடியவில்லை.

இவ்வளவு ஆபத்துக்கு ஈடாகக் கிடைப்பது என்ன? பீட்டா அலனின் என்ற அமினோ அமிலத்துக்கு ஓரளவு ஆதாரம் இருப்பதை மறுக்கவில்லை. வாரக்கணக்கில் சாப்பிட்டால் தசையில் கார்னோசின் என்ற பொருள் கூடுகிறது. 100, 200 மீட்டர் வேக நீச்சலில் தசைக்குள் சேரும் அமிலத்தை அது தாங்கிப் பிடிக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் 2018 நிபுணர் அறிக்கையும் இதை ஏற்கிறது. ஆயினும் பலன் மிகச் சிறியது. உச்சத்தைத் தொட்டவர்களுக்கு அது பதக்கமாகலாம். திருப்பத்தில் சுவரைச் சரியாக உதைக்கவே இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது எதற்கு?

அதிகம் விற்கும் லூசின், ஐசோலூசின், வாலின் கலவையின் கதை இன்னும் பலவீனமானது. தசை வளர ஒன்பது அத்தியாவசிய அமினோ அமிலங்களும் வேண்டும். மூன்று மட்டும் போதாது. முட்டையிலும் பாலிலும் ஒன்பதும் உண்டு. சோறும் பருப்பும் சேர்ந்தால், ஒன்றில் குறைவதை மற்றொன்று நிரப்பிவிடுகிறது. டப்பாவுக்குக் கொடுக்கும் பணத்தை முட்டைக்குக் கொடுங்கள்.

கலப்படம் அபூர்வமானதும் அல்ல. 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்டுகளை 2000-களின் தொடக்கத்தில் ஜெர்மன் ஆய்வகம் ஒன்று சோதித்தது. லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு வகைப் பொருள்கள் 94-ல் இருந்தன. ஏறத்தாழ ஏழில் ஒன்று. உணவுப் பாதுகாப்பு உரிம எண் அச்சிட்டிருப்பதாலேயே டப்பாவில் ஊக்கமருந்து இல்லை என்று ஆகிவிடாது.

ஊக்கமருந்து விதியோ உடலில் இருந்ததற்கு வீரரையே பொறுப்பாக்குகிறது. அந்த விதி தேவைதான். தளர்த்தினால் ஏமாற்றுபவர்கள் அனைவரும் கலப்படத்தையே காரணம் சொல்வார்கள். தெரிந்தே மருந்து கொடுத்த பயிற்சியாளரைத் தண்டிக்கவும் விதி உண்டு. விசாரிக்காமல் "இதை வாங்குங்கள்" என்றவர் மட்டும் பெரும்பாலும் தப்பிவிடுகிறார். இது அநியாயம்.

நீச்சல் சங்கங்கள் இதை மாற்ற வேண்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு அமினோ அமிலப் பவுடரைப் பயிற்சியாளர் பரிந்துரைக்கவே கூடாது, விற்கவும் கூடாது. பெரியவர்களுக்கு என்றால், ஊக்கமருந்துச் சோதனை முடிந்த பேட்ச் மட்டுமே. பரிந்துரைப்பவர் பொருளின் பெயர், பேட்ச் எண், தேதி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும். நாளை சோதனையில் தவறு தெரிந்தால், விசாரணை மேசையில் வீரரின் பக்கத்து நாற்காலியில் அந்தக் கையெழுத்துக்காரரும் உட்கார வேண்டும்.