சூடு அல்ல, லைக்கன் பிளானஸ்

"வாயில் வெள்ளையாகப் படர்ந்து எரிகிறதா? உடம்புச் சூடுதான். மணத்தக்காளிக் கீரையும் பி காம்ப்ளெக்ஸும் போதும், தட்டு, டம்ளரை மட்டும் தனியாக வையுங்கள்" என்கிறார் நண்பர். மணத்தக்காளி நல்ல கீரைதான். மற்றதெல்லாம் தவறு. அந்தத் தனி டம்ளர் கொடுமையும்கூட.

என் அத்தை இரண்டு வருடம் தனி டம்ளரில் குடித்தார். ரசத்து மிளகு பட்டாலே கண்ணில் நீர் கோத்துவிடும், மோர்சாதத்தோடு எழுந்துவிடுவார். ஒரு பல் மருத்துவர்தான் கன்னத்தை விலக்கி, உள்ளே சிலந்தி வலைபோல ஓடிய வெள்ளைக் கோடுகளைக் காட்டினார். மணிக்கட்டில் ஊதாவாக, தட்டையாக அரித்துக்கொண்டிருந்த பருக்களையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: லைக்கன் பிளானஸ்.

1869-இல் எராஸ்மஸ் வில்சன் விவரித்த நோய் இது. நம்முடைய எதிர்ப்பு அணுக்களே மேல்தோலின் அடியடுக்கைத் தாக்குகின்றன. எச்சில் பட்டோ தொட்டோ யாருக்கும் ஒட்டாது. தோலில் வந்தது பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் கருந்திட்டுகளை விட்டுவிட்டு அடங்கும். வாயில் வந்தது பல ஆண்டு இழுக்கும். ஸ்டீராய்டு களிம்பு எரிச்சலைத் தணிக்கும், வேரோடு போக்காது. சில ரத்த அழுத்த மாத்திரைகளும் இதே மாதிரிப் புண்ணைக் கிளப்பும் என்பதால், சாப்பிடும் மருந்துகளை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

சூடு என்று தள்ளிவிட்டால் கண்காணிப்பு போய்விடுகிறது. வாயில் வந்தவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு அது புற்றாக மாறலாம். வெற்றிலை, புகையிலையை விடுங்கள். ஆறாத புண்ணை இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்காமல் காட்டுங்கள். அந்தத் தனி டம்ளரை இன்றே எடுத்துவிடுங்கள்.