கள்ள மேசனும் நல்ல வீட்டுக்காரரும்

"மேசன்மாரை நம்பக்கூடாது" என்பது யாழ்ப்பாணத்து விறாந்தைகளில் வேதவாக்காகிவிட்டது. குசினியைப் பெருப்பித்தவரும், கூரையை மாற்றியவரும், குளியலறை ஒன்றை இணைத்தவரும் இப்பல்லவியையே பாடுகின்றனர். முற்பணம் வாங்கியவன் வரவில்லையாம், வந்தவன் சீமெந்தைக் களவாடினானாம், சுவர் வெடித்துவிட்டதாம். இவை யாவும் பொய் என்று நாம் வாதிட வரவில்லை. ஒரு வீட்டு முற்பணத்தால் இன்னொரு வீட்டுக் கடனை அடைக்கும் கொந்தராத்துக்காரர் நம்மிடையே உண்டு. ஆனால் இவ்வழக்கில் ஒரு தரப்பு மாத்திரமே பேசுகிறது. மறுதரப்பு சாரத்தின்மேல் நிற்கிறது.

வேலை தொடங்கும் விதத்தைப் பார்ப்போம். வீட்டுக்காரர் நால்வரிடம் விலை கேட்கிறார். நால்வருக்கும் ஒரே விபரத்தைச் சொன்னாரா? சுவரின் நீளம், உயரம், சாந்தில் சீமெந்துக்கு மணல் எத்தனை பங்கு, பொருள் யார் பொறுப்பு, பூச்சு வேலை அதில் அடங்குமா என்பவற்றில் ஒன்றாவது தாளில் ஏறவில்லை. இந்நிலையில் ஆகக் குறைந்த தொகையைச் சொன்னவன் ஒன்றில் கணக்குத் தெரியாதவன், அல்லது பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டவன். அவனைத் தேடிப் பிடித்துவிட்டு, ஏமாந்தோம் என்று புலம்புவது என்ன நியாயம்? அவன் முன்பு கட்டிய வீட்டைப் போய்ப் பார்த்தவர் எத்தனை பேர்? சம்பந்தம் பேசும்போது ஏழு தலைமுறையை விசாரிக்கும் சமூகமன்றோ இது!

சுவர் லின்டல் மட்டத்துக்கு எழுந்தபின் யன்னலை மூன்றடி தள்ளி வைக்கும்படி உத்தரவு பிறக்கிறது. கனடாவிலிருக்கும் மகன் கைத்தொலைபேசியில் படம் பார்த்து வேறொரு கட்டளை இடுகிறார். இடித்துத் திரும்பக் கட்டிய நாட்களின் கூலி எவர் கணக்கில்? "சின்ன வேலைதானே" என்று முடிந்துவிடுகிறது பேச்சு. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் சீமெந்து மூட்டை இரண்டாயிரம் ரூபாவைத் தாண்டியபோது, பழைய விலையில் வாய்மொழியாக ஒப்புக்கொண்ட வேலையை என்ன செய்வதென்று எந்தத் தரப்புக்கும் தெரியவில்லை. எழுத்து இருந்திருந்தால் தெரிந்திருக்கும். எழுதக் கேட்டால், "எங்களுக்குள் என்ன எழுத்து, நம்பிக்கை இல்லையா?" என்பர். அண்ணனும் தம்பியும் அரையடி வேலிக்கு உறுதியைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் ஏறும் ஊரில், மேசனுக்கு மட்டும் நம்பிக்கை போதுமாம்!

வேண்டுவது பெரிய சாசனமன்று. அளவு, கலவை, பொருள், தொகை என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பம் இடுவது. அத்திவாரம், லின்டல் மட்டம், கூரை, பூச்சு என ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின் அதற்குரிய பங்கைத் தாமதமின்றிக் கொடுப்பது. இடையில் வரும் மாற்றத்தை விலையோடு அதே தாளில் குறிப்பது. இவ்வளவே.

இனி, நல்ல நாளின் கதை. குடிபுகும் முகூர்த்தத்தைச் சாத்திரியார் குறித்துவிட்டார். ஆனால் கொங்கிறீற்றுக்குப் பஞ்சாங்கம் தெரியாது. அது காய்ந்து இறுகுவதில்லை. சீமெந்தும் நீரும் கூடி இறுகுகிறது. ஆகவே குறைந்தது ஏழு நாட்களாவது அதை ஈரமாக வைத்திருத்தல் வேண்டும். எதிர்பார்க்கும் பலத்தை அளப்பதோ 28ஆம் நாளில். இதை அறிந்த மேசன், முட்டுகளைக் கழற்ற இன்னும் நாள் வேண்டும் என்கிறான். வீட்டுக்காரர் அவனைச் சோம்பேறி என்கிறார். முட்டு முகூர்த்தத்துக்காகக் கழற்றப்படுகிறது. பின்னர் தளத்தில் வெடிப்புத் தோன்றும்போது, கள்ளன் யார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவனுக்கு யார் பதில் சொல்வது? தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 முதல் இந்நாட்டில் இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது; வேலைகொள்வோர் 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும் செலுத்த வேண்டும். ஊருக்குள் நாட்சம்பளத்துக்கு அலையும் மேசனிடம் அந்நிதியின் கணக்கு இலக்கத்தைக் காண்பது அரிது. வேலைகொள்வோன் வீட்டுக்காரரா கொந்தராத்துக்காரரா என்பதே எழுத்தில் இல்லாதபோது, விழுந்தவன் எந்தக் கதவைத் தட்டுவான்? மேசனுக்குக் கல்லும் சாந்தும் எடுத்துக் கொடுப்பவனுக்கு நம்மவர் வைத்த பெயர் 'முட்டாள்'. அந்த வேலையில்லாமல் ஒரு சுவரும் எழாது. இருந்தும் அப்பெயரை நாகூசாமல் கூப்பிடுகிறோம்.

தேநீரையும் விடுவதற்கில்லை. சிரட்டையிலும் போத்தலிலும் கொடுத்த காலத்தை மறைப்பதற்கில்லை. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் கடைகளுக்கும் பொது இடங்களுக்கும் வந்தது, குசினிக்குள் வரவில்லை. இன்று வேலையாட்களுக்கு வீசியெறியும் கடதாசிக் கோப்பை. சுகாதாரத்துக்காக என்கிறார்கள். வீட்டாருக்கு அந்தச் சுகாதாரம் தேவைப்படுவதில்லைப் போலும்.

குடிபுகுதலன்று பால் பொங்குகிறது. பந்தலில் உறவினர் சுவரைத் தட்டிப் பார்த்துப் பாராட்டுகின்றனர். கடைசித் தவணைக்கு வந்த மேசன் படலையடியில் நிற்கிறான். சனங்கள் சாப்பிட்டு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று உள்ளிருந்து சொல்லியனுப்புகிறார்கள்.