அழித்தால் அழிந்துவிடுமா?

பழைய கணினியை விற்குமுன் கோப்புகளை நீக்கிக் குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டால் போதும் என்று வீடுகளில் பலர் நம்புகின்றனர். போதாது! நீங்குவது கோப்பின் முகவரி மட்டுமே. ஆதார் நகலும், தோழியருடன் எடுத்த புகைப்படங்களும், வேறு தகவல் மேலே எழுதப்படும்வரை உள்ளேயே கிடக்கும். தேடுவோர் கையில் அகப்படும்.

சுழலும் வன்தட்டு எனில் ‘இரேசர்’ என்னும் இலவச மென்பொருளையே நான் தேர்ந்தெடுப்பேன். 1996-இல் பீட்டர் குட்மன் கூறிய 35 முறை மேலெழுதுதல் அக்காலத் தட்டுகளுக்கானது. இன்றைய தட்டுக்கு ஒருமுறையே போதும். எண்ணிக்கையைக் காட்டிப் பணம் கேட்கும் மென்பொருள் வீண் செலவு. (அப்பாமார் கவனிக்க!)

எஸ்.எஸ்.டி. வகையிலோ இம்முறையை நம்பவே கூடாது. மேலெழுதச் சொன்னால் அது வேறிடத்தில் எழுதிவிடும். அதற்குத் தயாரிப்பாளர் தரும் அழிப்புக் கருவியே ஏற்றது. வாங்கிய நாளிலேயே முழுவதையும் மறைகுறியாக்கம் செய்துவிடுவது அதனினும் நன்று.