வெள்ளெழுத்தும் லேசர் ஒளியும்

நாற்பதைத் தாண்டியவர்கள் பஞ்சாங்கத்தைக் கைக்கெட்டிய மட்டும் தள்ளிப் பிடித்து, வெளிச்சத்தை நோக்கித் திரும்பி நிற்பதை வீடுதோறும் காணலாம். இக்குறையை வெள்ளெழுத்து என்பர். வெளுப்பது எழுத்தன்று. கண்ணினுள்ளே இருக்கும் வில்லை வயது ஏற ஏற இறுகி, அண்மைப் பொருளைக் காண்பதற்கு வேண்டிய நெகிழ்ச்சியை இழந்துவிடுகின்றது. பத்து வயதுச் சிறுவன் ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர் தூரத்திலுள்ள எழுத்தையும் வாசிப்பான். நாற்பத்தைந்து வயதில் அத்தூரம் மூன்று நான்கு மடங்காகிவிடும்.

லேசர் சத்திரசிகிச்சை செய்துகொண்டால் மூக்குக்கண்ணாடியை எறிந்துவிடலாமா என்று எம்மோடு கற்பிக்கும் நண்பர் ஒருவர் வினவினார். இதற்கென வங்கியிற் கடன் பெறவும் அவர் ஆயத்தமாயிருக்கின்றார். இருட்டிய பின் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புபவராதலின், விடையை நாம் சற்று நிதானித்தே கூறவேண்டியதாயிற்று.

இவ்வொளி கண்வைத்தியத்துக்கு வந்த கதை சுவையானது. சென்னைப் பல்கலைக்கழகத்திற் பயின்று அமெரிக்கா சென்ற இரசாயன அறிஞர் ரங்கசாமி சீனிவாசனும், ஐ.பி.எம். ஆய்வுகூடத்து நண்பர் இருவரும், 1981 இல் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டொன்றைப் புறஊதா லேசராற் செதுக்கிப் பார்த்தனர். வெட்டிய இடத்தின் அயல் கருகவில்லை! 1983 இல் கண்வைத்தியர் ஸ்டீபன் ட்ரோக்கலும் சீனிவாசனும் பிறரும், இவ்வொளியால் விழிவெண்படலத்தைச் செதுக்கலாமென எழுதி வெளியிட்டனர்.

விழிவெண்படலம் என்பதைக் கவனிக்க வேண்டும். அது கண்ணின் முன்புறத்துப் படலம். வெள்ளெழுத்தின் வேரோ உள்ளேயுள்ள வில்லை. முன்புறத்தைச் செதுக்குவதால் உள்ளே இறுகியது நெகிழ்ந்துவிடாது. எனவே வைத்தியர்கள் ஓர் உபாயம் செய்கின்றனர். ஒரு கண்ணைத் தொலைவுக்கு விட்டு, மற்றதைச் சிறிது கிட்டப்பார்வையுடையதாக்கி, வாசிப்பதற்கென ஒதுக்குகின்றனர். இரண்டையும் இணைத்துக்கொள்ள மூளை பழகவேண்டும். பலர் பழகிவிடுகின்றனர், சிலரால் இயலுவதில்லை. ஆழத்தை மதிப்பிடும் ஆற்றல் ஓரளவு குறையும். இரவில் எதிரே வரும் விளக்கைச் சுற்றி ஒளிவட்டமும் தோன்றலாம். நாளெல்லாம் கணக்கேடு பார்ப்பவருக்கு இஃது இலாபமாகலாம். இரவில் வாகனம் ஓட்டும் எம் நண்பருக்கு அப்படிச் சொல்ல எமக்குத் துணிவில்லை.

ஆயினும் கத்தி வைக்குமுன் சோதித்துப் பார்க்க வழியுண்டு. கண்ணில் ஒட்டி அணியும் வில்லைகளால் அதே ஏற்பாட்டைச் செய்து, சில வாரம் நடமாடிப் பார்க்கலாம். பிடிக்காவிடிற் கழற்றிவிடலாம். செதுக்கிய படலத்தைத் திரும்ப ஒட்டமுடியாது. இச்சோதனையைப் பற்றிப் பேசாமலே நாட்குறிக்கும் வைத்தியரிடம், அதை நாமே கேட்டுப் பெறுதல் நன்று.

இன்னொன்று. வில்லை மேலும் இறுகுமாதலால், சில ஆண்டுகளின் பின் வாசிக்கும் கண்ணாடி மீண்டும் தேவைப்படலாம். பின்னர் கண்புரையும் வரக்கூடும். அப்போது பொருத்தும் செயற்கை வில்லையின் வலுவைக் கணிக்க, செதுக்குமுன் எடுத்த அளவுகள் பெரிதும் உதவும். ஆகவே சிகிச்சை செய்துகொள்பவர்கள் அவ்வளவுகளை எழுத்தில் வாங்கி, காணி உறுதியோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துக்கொள்வார்களாக.