சட்டைக்குள் பிஸ்டலும் கையில் கர்ரயும்

நம் சங்கத்தின் கோடை முகாமுக்கு இந்த வருஷம் மலையடிவாரத்தில் இடம் பார்க்கிறார்கள் என்ற செய்தி பரவியதிலிருந்து, நண்பர்கள் கூடும் இடத்திலெல்லாம் ஒரே பேச்சு. "கரடி நடமாடும் இடமாயிற்றே, லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் சட்டைக்குள் ஒரு பிஸ்டல் செருகிக்கொண்டு வந்தால் என்ன? வெளியே தெரியாமல் இருந்தால் குழந்தைகளும் பயப்பட மாட்டார்கள்" என்கிறார்கள். முதுகுப்பையின் இடுப்புப் பட்டை உறுத்தாமல் உறையை எங்கே மாட்டுவது, எந்தச் சட்டை போட்டால் புடைப்புத் தெரியாது என்பது வரைக்கும் ஆராய்ச்சி நடக்கிறது. இப்படிப் பேசுபவர்கள் வாய்ச்சவடால்காரர்கள் அல்லர். பொறுப்புள்ள குடும்பஸ்தர்கள். அதனால்தான் இதை எழுத நேர்ந்தது.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டில் மனிதனைக் காப்பாற்றும் எல்லாமே வெளிப்படையானவை: சத்தம், கூட்டம், வெளிச்சம், கையில் பிடித்த தடி. பிறர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தது, வேண்டிய நேரத்தில் நம் கைக்கும் எட்டாமல் போகும்.

சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்க தேசியப் பூங்காக்களில் துப்பாக்கி வைத்திருக்க 2010 பிப்ரவரி முதல் அனுமதி உண்டு. ஆனால் அந்தந்த மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டே. ஸ்மோக்கி மலைப் பூங்காவின் ஒரு பாதி டென்னசியில், மறு பாதி வட கரோலினாவில். மலை முகட்டில் நாலு அடி எடுத்து வைத்தால் வேறு மாநிலம், வேறு சட்டம். பூங்காவுக்குள் இருக்கும் அரசுக் கட்டிடங்களில் எங்குமே துப்பாக்கி கூடாது. இதைவிட முக்கியமான ஒன்று நம்மவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடை செய்கிறது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. அவை இல்லாதவருக்குச் சிறையும் நாடு கடத்தலும் காத்திருக்கின்றன. "கொஞ்ச நேரம் என் பையில் இருக்கட்டுமே" என்று நண்பர் கொடுத்ததை வாங்கி வைத்துக்கொள்வதுகூட வம்புதான்.

இனி கரடிக்கு வருவோம். அலாஸ்காவில் நடந்த சம்பவங்களைத் திரட்டி டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலிய ஆராய்ச்சியாளர்கள் இரண்டு கட்டுரைகள் எழுதினார்கள். 2008-ல் வந்தது கரடி ஸ்பிரே பற்றியது. அதைப் பயன்படுத்திய சம்பவங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கரடி தன் போக்கை நிறுத்திக்கொண்டது. ஸ்பிரே வைத்திருந்தவர்களில் நூற்றுக்கு 98 பேருக்குக் காயமே இல்லை. 2012-ல் வந்தது துப்பாக்கி பற்றியது; 269 சம்பவங்கள். அதில் கைத்துப்பாக்கி 84 சதவீதம் பலன் கொடுத்திருக்கிறது. துப்பாக்கிக் கட்சிக்காரர்கள் இந்த எண்ணைத்தான் எடுத்து வீசுவார்கள், வீசட்டும், உண்மைதான். ஆனால் அதே கட்டுரை இன்னொன்றும் சொல்கிறது. துப்பாக்கி வைத்திருந்தவர்களில் சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் காயம்பட்ட கணக்கில் வித்தியாசம் இல்லை. சுட முடியாமல் போனதற்கு அவர்கள் கண்ட காரணங்கள் நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானவை: எடுக்க அவகாசமில்லை, கரடி மிக அருகில் வந்துவிட்டது, துப்பாக்கி சிக்கிக்கொண்டது. உறையில் வெளியே தொங்கிய துப்பாக்கிக்கே இந்தக் கதி என்றால், சட்டைக்கும் பனியனுக்கும் மழைக்கோட்டுக்கும் அடியில் ஒளித்து வைத்ததைப் பற்றி என்ன சொல்ல? கரடி, ஜிப்பைத் திறக்கும் வரை நின்று பார்த்துக்கொண்டிருக்காது.

இதை நான் புத்தகத்தை மட்டும் நம்பிச் சொல்லவில்லை. நான் பிறந்தது வடமாலபேட்டை. சென்னையிலிருந்து திருப்பதி போகிறவர்கள் புத்தூர் தாண்டியதும் கடந்து போகும் ஊர். வீட்டில் தமிழ், வீதியில் தெலுங்கு, இரண்டிலும் சண்டை போடத் தெரியும். புரட்டாசியில் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு தமிழ்நாட்டிலிருந்து நடந்து வரும் பக்தர்கள் எங்கள் தெரு முனையில்தான் காலைக் கழுவி மோர் குடிப்பார்கள். அவர்கள் இரவில் நடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கோவிந்தா கோஷம் அரை மைல் தூரத்துக்குக் கேட்கும். பக்திக்காகப் போட்ட கோஷம் வழிக்கும் காவல். கடலைக் காட்டுக்குக் காவல் போகும் என் தாத்தா அரிக்கன் விளக்கைத் தூக்கிக்கொண்டு, தடியால் தரையைத் தட்டி, தானாகவே உரக்கப் பேசிக்கொண்டு போவார். "யார்கிட்டே தாத்தா பேசுறே?" என்றால், "பன்னிகிட்டேதான், நான் வரேன்னு சொல்றேன்" என்பார்.

அந்தப் பக்கத்து மலையில்தான் 2023-ல் அந்தத் துயரம் நடந்தது. ஜூன் மாதம் அலிபிரி நடைபாதையில் ஒரு சின்னப் பையனைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போயிற்று. அங்கிருந்தவர்கள் கூச்சலிட்டுத் துரத்தவே, பிள்ளையை விட்டுவிட்டு ஓடியது. பையன் பிழைத்தான். ஆகஸ்ட் 11 அன்று இரவு, நெல்லூர் மாவட்டத்திலிருந்து பெற்றோருடன் வந்த ஆறு வயதுச் சிறுமிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. லட்சுமி நரசிம்மர் சன்னிதி அருகே காணாமல் போனவளை மறுநாள் காலையில் உயிரற்ற உடலாகத்தான் கண்டார்கள். பெற்றவர்களின் வேதனையைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த இருட்டில், அந்தக் கூட்டத்தில், தகப்பனார் இடுப்பில் பிஸ்டல் இருந்திருந்தால் அவர் எதை நோக்கிச் சுட்டிருப்பார்?

அதற்குப் பிறகு தேவஸ்தானம் செய்தவை எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற காரியங்கள். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பகல் 2 மணிக்கு மேல் நடைபாதையில் ஏறக்கூடாது என்றார்கள். கூட்டமாகப் போகச் சொன்னார்கள். வனத்துறை கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தது. செப்டம்பரில் அலிபிரியில் ஆளுக்கொரு தடி கொடுத்தார்கள். தெலுங்கில் 'கர்ர' என்போம். நரசிம்மர் கோயிலருகே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இதை வைத்து நாடு முழுவதும் எவ்வளவு கேலி! சிறுத்தையோடு சிலம்பம் ஆடச் சொல்கிறார்களா என்று சிரித்தார்கள். காட்டோரத்தில் பிறந்த எவனும் சிரிக்கவில்லை. தடி அடிப்பதற்கு என்று யார் சொன்னது? கையில் தடியோடு நிமிர்ந்து நடக்கும் மனிதன் விலங்குக்குப் பெரிய உருவமாகத் தெரிகிறான். தட்டிக்கொண்டு போனால் சத்தம் முன்னே போகிறது. தடி கையில் இருக்கும்போது பிள்ளையை முன்னால் ஓடவிடக் கூடாது என்ற நினைப்பும் கூடவே இருக்கிறது. தேவஸ்தானத்தின் மேல் எனக்கு வேறு குறைகள் உண்டு, தடி விஷயத்தில் இல்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நம் பிள்ளைகள் தலகோணா, நாகலாபுரம் என்று அருவி பார்க்கக் கிளம்புகிறார்கள். அங்கேயும் "ஒரு பாதுகாப்புக்கு" என்று யாரோ உறவினரின் ரிவால்வரைக் கேட்டு வாங்கிப் போகும் ஆசை சிலருக்கு உண்டு. லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தால் அது உங்களுக்கு லைசென்ஸ் ஆகாது. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள்ளும் தேசியப் பூங்காவுக்குள்ளும் அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவதே குற்றம். திருமலையைச் சுற்றிய காடு 1989-லிருந்து தேசியப் பூங்கா. அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றால் குற்றமில்லை என்கிறது. உடனே ஒரு முடிச்சும் போடுகிறது: அந்த நேரத்தில் நீங்கள் இதே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. ஒளித்து எடுத்துப் போன துப்பாக்கியால் சிறுத்தையைச் சுட்டவர், தற்காப்பு என்று வாதாடும் உரிமையை மலையடிவாரத்திலேயே விட்டுவிட்டு வந்தவர்.

அது செம்மரக் காடும்கூட. 2013 டிசம்பரில் கடத்தல்காரர்கள் தாக்கி இரண்டு வனத்துறை அலுவலர்கள் இறந்தார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திர அதிரடிப்படை சுட்டதில் 20 பேர் செத்தார்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்த ஏழைக் கூலிகள். அது மோதல்தானா என்று மனித உரிமை அமைப்புகள் எழுப்பிய கேள்விகள் இன்னும் ஆறவில்லை. அப்படிப்பட்ட காட்டில், தமிழ் பேசிக்கொண்டு, இடுப்பில் பிஸ்டலோடு, பாதையை விட்டு விலகி நடக்கும் இளைஞனை ரோந்துக்காரர்கள் என்னவென்று எடுத்துக்கொள்வார்கள்? அவனைப் பெற்றவர்கள் யோசிக்க வேண்டாமா?

"நான் பயப்படுவது நாலு கால் மிருகத்துக்கு அல்ல, இரண்டு கால் மிருகத்துக்கு" என்று ஒரு சகோதரி சொன்னார். நியாயமான பயம். நீண்ட மலைப்பாதையில் தனியாக நடக்கும் பெண்ணுக்கு உபதேசம் செய்ய நான் வரவில்லை. அவர் சட்டப்படி பயிற்சி பெற்று எடுக்கும் முடிவு அவருடையது. ஆனால் நாம் பேசுவது குடும்பங்கள் சேர்ந்து தங்கும் முகாமைப் பற்றி.

முகாமில் மறைப்பது யாரிடமிருந்து என்று யோசித்துப் பாருங்கள். கரடிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. மறைப்பது பக்கத்து டென்ட்காரரிடமிருந்து, நம் பிள்ளைகளிடமிருந்து. டென்ட்டுக்குப் பூட்டு கிடையாது. குளிக்கப் போகும்போது இடுப்பிலிருந்து கழற்றியதை எங்கே வைப்பீர்கள்? தலையணைக்கு அடியிலா, துணிப் பைக்குள்ளா? நம் வீட்டுப் பிள்ளைகள் பிஸ்கட் தேடித் துழாவாத பை எது? கண்ணாமூச்சி ஆட அவர்களுக்கு டென்ட்டைவிடத் தோதான இடம் ஏது? தன் குழந்தை தூங்கும் இடத்துக்குப் பத்தடி தள்ளி ஒரு துப்பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் உரிமை ஒவ்வொரு தாய்க்கும் உண்டு. சொன்னால் அவர் வராமல் போய்விடுவார் என்பதற்காகச் சொல்லாமல் இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகவே செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான். முகாமுக்குத் துப்பாக்கி வேண்டாம் என்று பதிவுப் படிவத்திலேயே அச்சடித்துவிடுங்கள். சங்கக் கணக்கில் நாலைந்து கரடி ஸ்பிரே வாங்கி, நடைக்குப் போகும் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் பெல்ட்டில் வெளியே தெரியும்படி மாட்டிக்கொள்ளட்டும். முதல் நாளே ஒருவர் எல்லாருக்கும் அதைத் திறந்து காட்டட்டும். சாப்பாட்டை டென்ட்டுக்குள் வைக்கக்கூடாது என்பதைக் கண்டிப்பாக்குங்கள். சென்ற முறை புளியோதரையும் வறுத்த கறியும் விடிய விடிய டென்ட்டில் மணத்துக்கொண்டிருந்தன. அதற்குக் கரடி வராமல் போனது நம் புண்ணியம்தான். தடிகள் என் பொறுப்பு. முப்பது பேருக்குப் போதுமானதை வண்டியில் போட்டுக்கொண்டு வருகிறேன். திரும்பும்போது எண்ணி வாங்கிக்கொள்வேன்.